குளமும் வானமும் பொது
(அம்பேத்கர் நினைவு நாள் உரை, ரமணாசிரமம் பகுதி, திருவண்ணாமலை)



பாபாசாகேப் நினைவு நாளில் புவி வெப்பமாதலைப் பற்றி ஏன் பேச வேண்டும், நமக்கு வேறு பிரச்சினைகள் இல்லையா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மஹத் குளத்திலிருந்து தொடங்கினால் பதில் கிடைக்கும்.

பொதுக்குளங்களும் கிணறுகளும் தீண்டப்படாதோருக்கும் உரியவை என்று 1923இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 1924இல் மஹத் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தீர்மானித்தது. ஆனாலும் நம் மக்கள் அதில் கை நனைக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தம் மக்களோடு நடந்து சென்று அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். ஊருக்குப் பொதுவானதைச் சிலர் தமதாக்கிக்கொண்டார்கள். மற்றவர்களின் உரிமை காகிதத்தில் கிடந்தது.

வானமும் அப்படி ஒரு பொதுக்குளம்தான். நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வரும் கரியமில வாயுவை அது ஓரளவுக்குத்தான் தாங்கும். தொழிற்புரட்சி முதல் இன்றுவரை உலகம் இப்படி எரித்து வெளியிட்டதில் ஏறக்குறைய கால் பங்கு அமெரிக்காவுடையது. உலக மக்களில் நூற்றுக்கு நான்கு பேர்தான் அங்கே வாழ்கிறார்கள். ஆறில் ஒருவருக்கு மேல் வாழும் இந்தியாவின் பங்கு நூற்றுக்கு நான்கைத் தொடவில்லை. இன்றும் ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சுமார் 14 டன் வெளியிடுகிறார். ஓர் இந்தியர் சுமார் 2 டன்.

1990இல் வாஷிங்டனிலுள்ள உலக வளங்கள் நிறுவனம் ஓர் அறிக்கையில் இந்தியாவையும் பெரும் மாசாளர்கள் வரிசையில் வைத்தது. டெல்லியிலிருந்து அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இல் அதற்குப் பதில் எழுதினார்கள். நெல்வயலில் கிளம்பும் மீத்தேனும் காரின் புகையும் ஒன்றாகுமா, பிழைப்புக்கான புகையையும் சொகுசுக்கான புகையையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்டார்கள். வானத்தில் ஒவ்வொரு மனிதருக்கும் சமபங்கு உண்டு என்றார்கள். தாளடியில் முதுகு வளைய நாற்று நடும் நம் தாய்மாருக்கு இந்த வாதத்தை விளக்க வேண்டியதில்லை.

1992 ரியோ மாநாட்டில் உலக நாடுகள் 'பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்பு' என்பதை ஏற்றன. அதுவும் ஒரு மஹத் நகராட்சித் தீர்மானம்தான். 2024 நவம்பரில் பாகு மாநாட்டில் வளரும் நாடுகள் ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர் கேட்டன. பணக்கார நாடுகள் முன்னின்று திரட்டித் தர ஒப்புக்கொண்டது 30,000 கோடி டாலர், அதுவும் 2035க்குள். இது போதாது என்று இந்தியப் பிரதிநிதி அந்த மேடையிலேயே மறுத்தார். அது நவம்பர் 24.

சரியாக ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் இதே அண்ணாமலையின் சரிவு வ.உ.சி. நகரில் இறங்கியது. ஏழு பேர் புதைந்து இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். ஒரு புயலை மட்டும் எடுத்து, இது வெப்பமாதலால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். சமதளத்தில் மனை வாங்க முடியாதவர்தான் சரிவில் வீடு கட்டுகிறார்.

இந்த ரமணாசிரமம் பகுதிக்குக் குளிர்காலத்தில் வெளிநாட்டவர் வருகிறார்கள், வெயில் ஏறும்போது ஊர் திரும்புகிறார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள் கிரிவலப் பாதையைக் கூட்டுகிறவர்களுக்குத் திரும்பிப் போக வேறு ஊர் இல்லை. அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

இங்கேதான் நம் அரசிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. ஓர் இந்தியருக்கு 2 டன் என்பது சராசரி. குளிர்சாதன அறையில் இருப்பவரையும் ஓலைக்கூரையின் கீழ் இருப்பவரையும் சேர்த்து வகுத்த கணக்கு. 2007இல் கிரீன்பீஸ் இந்தியா வெளியிட்ட ஆய்வின்படி, மாதம் 30,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர் 3,000 ரூபாய்க்குக் கீழ் உள்ளவரைப் போல நாலரை மடங்கு வெளியிட்டார். உலக மேடையில் நம் ஏழ்மையைக் காட்டி நியாயம் கேட்கும் நாடு, ஊருக்குள்ளும் அதே நியாயத்தைத் தர வேண்டாமா? 2004 சுனாமியின்போது நாகையில் நிவாரண முகாமிலும் சாதி பார்த்ததை நாம் மறக்கவில்லை.

ஆகவே நம் கோரிக்கை இரண்டு பக்கமும் போக வேண்டும். பணக்கார நாடுகள் தருவது கடனாக இல்லாமல் இழப்பீடாக வர வேண்டும். வரும் பணம் சேரிக்கும் மலைச்சரிவுக்கும் முதலில் சேர வேண்டும்: பாதுகாப்பான இடத்தில் பட்டா, வெயில் தாங்கும் கூரை, உச்சிவெயிலில் கூலி பிடிக்காத ஓய்வு. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. நல்ல அறிவிப்பு. ஆனால் களத்துமேட்டில் சுருண்டு விழுந்தவரின் சாவுக்கு வெயில்தான் காரணம் என்று யார் பதிவு செய்வார்? மாணவர்களே, உங்கள் ஊரில் அந்தப் பதிவைக் கேட்டு வாங்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

தீர்மானம் போட்டவர்கள் குளத்தைத் திறக்கவில்லை. நடந்து போனவர்கள்தான் திறந்தார்கள். ஜெய்பீம்.