நிற்கும்போது சொல்லும் குறை



கீரமங்கலம் பூ மார்க்கெட்டில், மல்லிகையும் முல்லையும் ஏற்றக் காத்திருக்கும் வண்டிகளுக்கு நடுவே ஒரு கார் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது குறையில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் உதறுகிறது; சத்தம் ஏறி இறங்குகிறது; சில சமயம் இன்ஜின் அணைந்தே போகிறது. ஐடிலிங் சரியில்லை என்கிறோம்.

ஓட்டத்தில் தெரியாத குறை நிற்கும்போது மட்டும் ஏன் தெரிகிறது? ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். ஓடும்போது இன்ஜின் காற்றை ஏராளமாக இழுக்கும். ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருந்தால், அதன் வழியே கசிந்து நுழையும் காற்று அதில் பெரிதாகத் தெரியாது. ஐடிலிங்கில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். இழுக்கும் காற்றே கொஞ்சம். அதே கசிவு இப்போது காற்று-பெட்ரோல் கணக்கைக் குலைத்துவிடும். நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால், அதில் 1600 முறை பெட்ரோல் எரிகிறது. ஒரு சிலிண்டர் தவறினாலும் வண்டி குலுங்கும்.

அதனால் எடுத்ததும் ஐடில் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தைக் கூட்டாதீர்கள். உதறல் அடங்கும், கசிவு அங்கேயே இருக்கும், பெட்ரோலும் வீணாகும். முதலில் இன்ஜினை ஆறவிட்டு ஏர் ஃபில்டரைப் பாருங்கள். பிளக்கில் கரி படிந்திருக்கிறதா, ரப்பர் ஹோஸில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். ஓடும் இன்ஜினில் 'உஸ்' என்று கேட்டால் காற்றுக் கசிவாக இருக்கலாம். குனியும் முன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துவிடுங்கள், ஃபேன் இழுத்துவிடும்.

இதெல்லாம் சரியான பிறகுதான் டியூனிங். எஸ்.யு. கார்புரேட்டர் வைத்த பழைய அம்பாசிடரில் இதற்கு அருமையான சோதனை உண்டு. இன்ஜின் சூடானபின், கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவு மெல்லத் தூக்குவார்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. சற்றே கூடிப் பழைய நிலைக்குத் திரும்பினால் கலவை சரி.

இன்றைய கார்களில் இந்தக் காற்று-பெட்ரோல் கணக்கைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. அங்கே திருகுவதற்கு ஸ்க்ரூ தேட வேண்டாம். த்ராட்டில் பாடியில் படிந்த கரியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஸ்கேனர் என்ன கோளாறு காட்டுகிறது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

அடுத்த முறை மார்க்கெட்டில் வண்டியை நிறுத்தும்போது, சாவியைத் திருப்பி அணைக்கும் முன் அரை நிமிடம் அந்தச் சத்தத்தைக் கேளுங்கள். சின்னக் கசிவாக இருக்கும்போதே பிடித்துவிடலாம்.