பழுது சொல்லிவிட்டே வருகிறது



நோய் திடீரென்று வந்தது என்பது உலக வழக்கு. மருத்துவர் அவ்வாறு கருதுவதில்லை. உடலின் வெப்பம், பசி, உறக்கம் ஆகியவற்றில் முன்னரே தோன்றிய மாறுதல்களை அவர் கேட்டறிகின்றார். மின் இயந்திரங்களில் நேரும் பழுதும் இத்தகையதே. இடிமின்னலால் விளைவது போன்ற சிலவற்றை நீக்கினால், ஏனையவை பெரும்பாலும் சொல்லிவிட்டே வருகின்றன.

நான் ஆசிரியப் பணி புரிந்த ஜவ்வாது மலையிலிருந்து ஆலங்காயம் வழியே வடக்கே இறங்கினால், தோல் பதனிடும் தொழிலில் பெயர்பெற்ற வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய ஊர்களை அடையலாம். அங்கே பெரிய டிரம்களில் தோலையும் சாயநீரையும் இட்டு மோட்டாரால் சுழற்றுகின்றனர். சாயம் ஏறும் வேளையில் மோட்டார் நின்றுவிட்டால், நீரில் அமிழ்ந்த தோல் ஒருவிதமாகவும் மேலே கிடப்பது வேறுவிதமாகவும் நிறம் கொள்ளும். மோட்டாரைச் செப்பனிடும் செலவினும் கெட்டுப்போன தோலால் வரும் இழப்பு பெரிதாகலாம். நாட்கூலி பெறுவோரின் ஊதியமும் ஐயத்துக்கு உள்ளாகும்.

இதனை முன்கூட்டி அறிவது எங்ஙனம்? முதல் அடையாளம் வெப்பம். மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால் வெப்பத்தின் அளவு கிடைக்கும் என்பது ஜூல் 1841இல் கண்ட விதி. 100 ஆம்பியர் ஓடும் ஓர் இணைப்பின் மின்தடை 1 மில்லி ஓம் எனின், அங்கு 10 வாட்டு வெப்பம் பிறக்கும். திருகு தளர்ந்து மின்தடை 10 மில்லி ஓம் ஆகிவிட்டால், கட்டைவிரல் அளவான அவ்விடத்தில் 100 வாட்டு வெப்பம் பிறக்கும். மோட்டார் முன்போலவே ஓடும். இணைப்போ உள்ளே கருகிக்கொண்டிருக்கும்.

யுரேனஸ் கோளை 1781இல் கண்ட வில்லியம் ஹெர்ஷல், 1800இல் சூரிய நிறமாலையின் சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்து, கண்ணுக்குப் புலனாகாத கதிர் அங்கு இருப்பதை உணர்ந்தார். அதுவே அகச்சிவப்புக் கதிர். அதனைப் பதியும் கருவியைக் கொண்டு, இன்று இணைப்பைத் தொடாமலே அதன் சூட்டை அளக்கின்றனர்.

இரண்டாவது அடையாளம் வாயு. எண்ணெய் நிரம்பிய மின்மாற்றியினுள் சிறு பழுது தோன்றினால், எண்ணெய் சிதைந்து வாயுக் குமிழிகள் எழும். அவற்றைச் சேகரித்து மணியடிக்கும் கருவியை ஜெர்மனியில் மாக்ஸ் புக்கோல்ஸ் 1921இல் அமைத்தார். பழுது சிறிதெனில் எச்சரிக்கை செய்யும்; பெரிதெனில் மின்சாரத்தையே துண்டித்துவிடும்.

மூன்றாவது, மின்காப்பின் தளர்ச்சி. ஈரம் மிகுந்த தொழிற்கூடங்களில் மோட்டாரின் காப்பு நாளடைவில் நலியும். அதனை மெகர் என்னும் கருவியால் அளப்பர். மாதந்தோறும் அளந்ததில் 50, 40, 20, 8 மெகா ஓம் எனக் கிடைத்ததாகக் கொள்வோம். 8 என்பது தனித்து நோக்கின் குறையற்ற அளவே. ஆனால் வரிசையாக நோக்கினால் அது வீழ்ச்சி அன்றோ? எனவே ஓர் எண்ணைக் கண்டு அமைதி கொள்ளலாகாது. எண்களின் போக்கையே காண வேண்டும். அளக்கும்போது இருந்த வெப்பநிலையையும் உடன் குறித்தல் வேண்டும்.

பதிவின் பெருமைக்கு எங்கள் மலையிலேயே சான்று உண்டு. 1977 மார்ச் 10ஆம் நாள், காவலூர் வானாய்வகத்தில் யுரேனஸுக்கு அருகே தெரிந்த ஒரு விண்மீனை நோக்கிக்கொண்டிருந்தனர். அதன் ஒளி சிறிது நேரம் மங்கியது பதிவாயிற்று. பிற இடங்களின் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, அது யுரேனஸின் வளையத்தால் விளைந்தது எனத் தெளிந்தனர்.

இன்று உணரிகளும் கணினியும் இடைவிடாது குறிப்பெடுக்கின்றன. எனினும் இயந்திரத்தை நிறுத்தும் முடிவு மனிதருடையது. "இந்த ஆர்டர் முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்னும் சொல்லே எச்சரிக்கையை வீணாக்குகின்றது. நாம் தேர்ந்த நாளில் ஒரு மணி நேரம் நிறுத்துவது பராமரிப்பு; பழுது தேர்ந்த நாளில் மூன்று நாள் நிற்பது நட்டம்.

மாணவர்களே, உங்கள் இல்லத்திலோ பள்ளியிலோ பிளக் சுட்டால், சுவிட்சில் கருகல் வாடை வீசினால், அதனைத் தொடாதீர்கள், திறந்தும் பார்க்காதீர்கள். உடனே பெரியவர்களிடம் கூறி, தேர்ந்த மின்பணியாளரை அழைக்கச் செய்யுங்கள். சிறு குறியைக் கண்டவுடன் உரைப்பதும், கண்டதை நாளிட்டு எழுதிவைப்பதும் நல்ல பொறியாளருக்குரிய பண்புகள். அவற்றைப் பயில இப்பருவமே உரியது.