ஒற்றை ஒலிவாங்கியும் வீட்டுக் கூடமும்



கவிதையைக் கிடாரோடு இயைத்துப் பாட விழையும் இளைஞர் இன்று கிளியனூர் போன்ற ஊர்களிலும் உளர். பதிவு என்றதும் அவர்தம் எண்ணம் சென்னையின் ஒலிப்பதிவுக் கூடத்தையே நாடுகிறது. வாடகையைக் கேட்டதும் பாட்டு அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படுகிறது. தள்ளப்பட்ட பாட்டு பெரும்பாலும் மறக்கப்பட்டே போகிறது. ஒரே ஒலிவாங்கியும் வீட்டின் ஓர் அறையும் போதுமா என்னும் வினா, ஆகவே, வெறும் கருவியைப் பற்றிய வினா அன்று.

தமிழிசை வரலாற்றில் இதற்கொரு முன்மாதிரி உண்டு. வீணை தனம்மாள் சென்னை ஜார்ஜ் டவுனில் தம் இல்லத்திலேயே வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தார். மிக மென்மையான ஒலி. கேட்போர் அசையாது அமர்ந்திருந்தாலன்றிச் செவிக்கு எட்டாதது. கூம்புக் குழல் வழியே பதிவு செய்த பழைய முறைக்கு உரத்த குரல் வேண்டும். அம்மென்மை அதற்குள் அடங்குவதரிது. 1925இல் மேலைநாடுகளில் ஒலிவாங்கி வழி மின்பதிவு வந்தது. சில ஆண்டுகளில் இந்தியாவுக்கும் வந்தது. 1932இல் கொலம்பியா நிறுவனம் தனம்மாளின் வாசிப்பை இசைத்தட்டுகளாக்கியபோது அவர் அறுபதைக் கடந்திருந்தார். பக்கத்திற்கு மூன்று மணித்துளி அளவே கொண்ட தட்டுகள்! அவையும் இல்லையேல் அந்த விரல்களைப் பற்றிப் புகழுரைகள் மட்டுமே நமக்கு எஞ்சியிருக்கும்.

கிடாருக்கு வருவோம். 1936 நவம்பரில் அமெரிக்காவின் சான் அந்தோனியோ நகரில், கன்டர் என்னும் விடுதியின் அறையொன்றில், ராபர்ட் ஜான்சன் என்னும் கறுப்பினக் கலைஞர் கிடாரை மீட்டிப் பாடினார். சுவரை நோக்கித் திரும்பி அமர்ந்தார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. கூச்சம் என்றனர் சிலர். இரு சுவர் கூடும் மூலையில் ஒலி திரண்டு மீளும் என்பதை அறிந்தே அமர்ந்தார் என்பது கிடார்க் கலைஞர் ரை கூடரின் கருத்து. இரண்டாவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. காதை நம்பி வாழ்பவர் அறையை அறியாதிருப்பாரா? அவரும் தனம்மாளும் 1938ஆம் ஆண்டிலேயே மறைந்தனர்.

கிடாரில் ஒலி ஓரிடத்திலிருந்து மட்டும் பிறப்பதில்லை. மேற்பலகை முழுவதும் அதிர்கிறது. துளையிலிருந்து அடித்தொனி பொங்குகிறது. கழுத்துப் பகுதியில் கம்பியின் தெளிவும் விரல் நகரும் ஓசையும் மிகுகின்றன. துளைக்கு நேரே ஒலிவாங்கியை வைப்பதே புதியவர் செய்வது. பானைக்குள் பேசியதுபோல் குமுறும். பன்னிரண்டாம் மெட்டுக்கு எதிரே, ஏறத்தாழ ஓரடித் தொலைவில், கழுத்தும் உடலும் கூடுமிடத்தை நோக்கிச் சற்றே சாய்த்து வைத்தால் சமன் கிட்டும். இதுவும் தொடக்கமே, விதியன்று. ஒருவர் வாசிக்க, மற்றொருவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மறுகாதை முன்னும் பின்னும் நகர்த்திக் கேட்கட்டும். எங்கே நின்று கேட்க விரும்புகிறாரோ அங்கே ஒலிவாங்கி நிற்கட்டும். இரண்டு ஒலிவாங்கிகளை வெவ்வேறு தொலைவில் வைத்தால் ஒரே ஒலி முந்தியும் பிந்தியும் சேர்ந்து, சில தொனிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒற்றைக் கருவிக்கு அவ்வல்லல் இல்லை.

அடுத்தது அறை. கூரை வீட்டின் ஓலை ஒலியை உறிஞ்சும். அங்கே பதிவு வறண்டு, நெருக்கமாக இருக்கும். சிமெண்டுத் தளமும் வழவழப்பான தரையும் கொண்ட புது வீட்டில் கை தட்டினால் ஓசை சுவருக்குச் சுவர் படபடக்கும். அதற்கு விலையுயர்ந்த பொருள் வேண்டியதில்லை. சேலைகள் நிறைந்த அலமாரியைத் திறந்து வைப்பதும், மெத்தையைச் சுவரில் சாய்ப்பதும், நெல்மூட்டை இருக்கும் அறையைத் தேர்வதும் போதும். மின்விசிறியை நிறுத்தியே ஆகவேண்டும். சித்திரையில் இது தவம்தான்! வியர்வையும் வெப்பமும் கம்பியின் சுருதியை இளக்கும் என்பதால் ஒவ்வொரு பாட்டுக்கு முன்பும் சுருதி பார்த்தல் நன்று. மின்கம்பியின் ஐம்பது ஹெர்ட்ஸ் முணுமுணுப்பு கேட்டால் கணினியை மின்கலத்திலேயே இயக்கிப் பார்க்கலாம்.

திண்டிவனம் – புதுச்சேரி நெடுஞ்சாலையை ஒட்டிய வீடு எனில் பேருந்தும் லாரியும் பாட்டில் புகும். விடியலுக்கு முந்தைய பொழுதே உகந்தது. ஆயின் மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி அதற்கும் முன்னதாகவே எழுந்துவிடும். வேறு மாதத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

கவிஞருக்குரிய செய்தி ஒன்று உண்டு. குரலும் கிடாரும் ஒரே ஒலிவாங்கியில் புகுந்தபின் அவற்றைத் தூய்மையாகப் பிரிப்பது அரிது. சொல் அமிழ்கிறதா, தந்தி மேலோங்குகிறதா என்பதைப் பாடுமுன்பே தீர்மானிக்க வேண்டும். குமிழைத் திருகித் திருத்த வழியில்லை. சொல் அமிழ்ந்தால் ஒலிவாங்கியை ஒரு சாண் உயர்த்தி வாயை நோக்கித் திருப்புக. கிடார் அமிழ்ந்தால் ஒரு சாண் தாழ்த்துக. மூன்று முறை பதிந்து, மறுநாள் கேட்டு, ஒன்றை வைத்துக்கொண்டால் போதும்.