நீர்வீழ்ச்சிக்குப் போகட்டுமா, வாப்பா?

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலாத்தும் ஸலாமும் எங்கள் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய பெற்றோர்களே, அன்பு இளைஞர்களே!

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் நமது வீடுகளில் ஒரு வழக்கு எழுகின்றது. "வாப்பா, கூட்டாளிமார் பதுளைக்குப் போகிறார்கள், துன்ஹிந்த பார்க்க நானும் போகட்டுமா?" என்று பிள்ளை கேட்கின்றான். "தண்ணீர் உள்ள இடம், வேண்டாம் மகன்" என்று உம்மா மறுக்கின்றார். இவ்வழக்கில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. வற்றாத ஆறும் இல்லை. வழுக்கையாறு என்ற ஒன்று உண்டு, அதுவும் மாரி காலத்தில் மாத்திரம் ஓடுவது. சுண்ணக்கல்லுக்குள் தேங்கி நிற்கும் மழைநீரைக் கிணற்றிலிருந்து எடுத்தே நாம் வாழ்கின்றோம். நமது பிள்ளைக்குத் தண்ணீர் என்பது கீழேயிருந்து மேலே வருவது. அது மேலேயிருந்து கீழே விழுவதைக் காண அவன் ஆசைப்படுவதில் என்ன தவறு?

பதுளை நகரிலிருந்து மஹியங்கனை வீதியில் சிறிது தூரம் சென்றால் துன்ஹிந்தவுக்கான பாதை தொடங்குகின்றது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் நடை. குரங்குகள் கையிலுள்ள பையைப் பறிக்கப் பார்க்கும். முடிவில் பதுளு ஓயா சுமார் 64 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்து புகையாகச் சிதறுகின்றது. அந்தப் புகை போன்ற திவலையினாலேயே சிங்களத்தில் அப்பெயர் வந்தது. அந்த நீர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. மகாவலியில் கலந்து, நமது மூதூர்ச் சகோதரர்களின் ஊரருகே கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கின்றது.

சூரத்துல் பகராவின் 74ஆவது வசனத்தை இவ்விடத்தில் நினைவுகூருங்கள். இறுகிப்போன உள்ளங்களைப் பற்றிப் பேசும் அவ்வசனம், கற்களையே அவற்றுக்கு மேலாகக் கூறுகின்றது. கற்களில் ஆறுகள் பீறிடுவன உண்டு, பிளந்து நீர் சொரிவன உண்டு, அல்லாஹ்வின் அச்சத்தால் உருண்டு விழுவனவும் உண்டு என்பது அதன் கருத்து. இதைக் குர்ஆன் மத்ரஸாவில் மனனமிட்ட பிள்ளை, அந்தப் பாறையின் முன்னே நின்று ஒருமுறை சிந்திக்கட்டுமே! கைத்தொலைபேசியில் படம் பிடிப்பதற்கு முன்பாகச் சிந்தித்தால் இன்னும் நல்லது.

இனி உம்மாவின் பக்கம். 1990 ஒக்டோபர் இறுதியில் இரண்டு மணித்தியாலத்தில் வீடு வாசலை விட்டு யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களில் பிள்ளைகளை வளர்த்த தலைமுறை நமது தலைமுறை. பிள்ளை கண்ணுக்கு மறைந்தால் நெஞ்சு பதறுவது அவர்களுக்கு இயல்பு. இளைஞர்களே, அந்தப் பதற்றத்தைக் கேலி செய்யாதீர்கள். இந்த விடயத்தில் அது அறிவுள்ள பதற்றமும்கூட.

ஏனென்றால், கிணற்றிலும் கடலோரத்திலும் நீந்தப் பழகியவனுக்கு மலை ஆறு புதியது. மேலே மலையில் மழை பெய்தால், கீழே வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். பாறைகளில் பாசி வழுக்கும். நீர் விழும் மடுவில் காற்றுக் குமிழிகள் நிறைந்திருப்பதால் அந்த நீர் உடலைத் தாங்காது. அடியிலுள்ள சுழற்சியோ வெளியேற முயல்பவனை மீண்டும் விழும் நீருக்கடியிலேயே இழுக்கும். நல்ல நீச்சற்காரனும் அங்கே தோற்பான். தன் கையாலேயே தன்னை அழிவில் போட்டுக்கொள்வதை அல்லாஹ் தடுத்திருக்கின்றான். கூட்டாளிமார் "பயந்தவன்" என்று சிரிப்பார்களே என்பதற்காக மடுவில் குதிப்பதும் அந்தத் தடைக்குள் அடங்கும். உயிர் உங்களுடையதல்ல, அமானிதம்.

ஆகவே பெற்றோர்களே, "போகாதே" என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் அவன் சொல்லாமல் போவான், அது இதைவிடப் பயங்கரமானது. யார் யார் போகின்றார்கள், பொறுப்பான பெரியவர் யார் என்று கேளுங்கள். பார்வை மேடையிலிருந்து பார்ப்பது, மடுவில் இறங்குவதில்லை என்று வாக்கு வாங்குங்கள். முடிந்தால் நீங்களும் ஒருமுறை கூடச் செல்லுங்கள். உம்மாமாரும் மலையைப் பார்க்கட்டும்!

போகின்றவர்கள் சாப்பாட்டுப் பொதியின் பொலித்தீனைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். பாதையிலுள்ள தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்க, நாமே பாதையில் தொல்லையைப் போட்டுவிட்டு வரலாமா? நீர்த்துறையிலும், மக்கள் நடமாடும் வழியிலும், நிழலிலும் மலசலம் கழிப்பதையும் அன்னார் கண்டித்துள்ளார்கள். கீழே அந்த நீரைக் குடிக்கும் ஊர்கள் உள்ளன.

தொழுகை விடயம். யாழ்ப்பாணத்திலிருந்து பதுளை, கஸ்ர் செய்வதற்குரிய தூரத்தைவிடப் பன்மடங்கு அதிகம். லுஹரையும் அஸரையும் இரண்டிரண்டு றக்அத்துகளாகச் சுருக்கி, சேர்த்தும் தொழலாம். மஃரிபைச் சுருக்க முடியாது, மூன்றுதான். பதுளை நகரிலேயே பள்ளிவாசல் உண்டு. நடைக்கு முன்பே தொழுதுவிட்டால் மனம் இலேசாக இருக்கும். வேன் சாரதி அவசரப்படுத்தினால் அவரையும் தேநீருக்கு அழைத்துக்கொள்ளுங்கள், காத்திருப்பார்.

சென்ற பின்னர் ஆறு கலங்கி, மண்ணிறமாக ஓடக் கண்டால் கிட்டப் போகாமல் மேடையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள். இரவு பஸ் ஏறியதும் உம்மாவுக்கு ஓர் அழைப்பு எடுங்கள். அவர் தூங்கியிருக்கமாட்டார்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.