கருப்பையை அகற்றுமுன்

பெண்ணொருத்தி நாற்பத்தைந்து வயதைக் கடந்து ஐம்பதை நெருங்குங்கால், அதுகாறும் ஒழுங்காக வந்த மாதவிடாய் தன் ஒழுங்கை இழப்பது இயல்பு. சிலருக்கு அது நாட்கள் தள்ளி வந்து மெல்ல மறைந்துவிடும். வேறு சிலருக்கோ பத்து நாள், பதினைந்து நாள் என்று நீடித்து உடலின் வலுவையெல்லாம் உறிஞ்சிவிடும். அடுப்பு வேலை முடிவதற்குள் களைப்பு, படியேறினால் மூச்சிளைப்பு, கலியாண வீட்டுக்குச் செல்லவும் தயக்கம். இந்நிலையில் வைத்தியரை நாடுபவளுக்குச் சில வேளைகளிற் கிடைக்கும் ஆலோசனை, கருப்பையை அகற்றிவிடலாம் என்பது. வீட்டுக்குத் திரும்பினால், "பிள்ளை குட்டி பெற்றாயிற்று, இனி அது எதற்கு?" என்பார் ஒருவர். "அதை எடுத்தால் பெண்மையே போய்விடும்" என்று அச்சுறுத்துவார் இன்னொருவர். இவ்விரு சொற்களுக்குமிடையே நின்று தவிக்கும் பெண் எதனை ஆதாரமாகக் கொண்டு தீர்மானிப்பது?

முதற்கண், இந்த வயதில் நிகழ்வது யாதென்று அறிதல் வேண்டும். சூலகங்கள் சுரக்கும் முக்கிய ஓமோன்கள் இரண்டு. ஈஸ்திரோசன் கருப்பையின் உட்படலத்தை வளர்க்கிறது. புரொஜெஸ்தரோன் அவ்வளர்ச்சியைக் கட்டுப்படுத்தி, உரிய காலத்தில் அது ஒழுங்காகக் கழிய வழி செய்கிறது. மாதவிடாய் நிற்குங் காலம் நெருங்கும்போது சில மாதங்களில் முட்டை வெளிவருவதில்லை. அம்மாதங்களிற் புரொஜெஸ்தரோன் சுரப்பதுமில்லை. ஆகவே உட்படலம் கட்டுப்பாடின்றித் தடித்து, பின்னர் பெருக்காகக் கழிகிறது. அன்றியும், கருப்பைத் தசையில் வளரும் நாரிழையக் கட்டிகளும் இப்பெருக்குக்குக் காரணமாகலாம். கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் பலர் புற்றுநோயை எண்ணி நடுங்குவர். நாரிழையக் கட்டிகள் மிகப் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஈஸ்திரோசன் குறைந்து மாதவிடாய் நின்றபின் அவை பொதுவாகச் சுருங்கிவிடும். ஐம்பதை அண்மிய பெண்ணுக்குக் காலமே ஒரு மருந்தாகலாம் என்பது இதனாலேயே.

எனினும், காலம் பார்த்திருப்பது வேறு. பரிசோதியாமல் இருப்பது வேறு. நாற்பத்தைந்து வயதுக்குமேல் மாதவிடாய் தாறுமாறாகவோ மிகுதியாகவோ வருமாயின், ஸ்கான் பரிசோதனையும், தேவையாயின் உட்படலத்திற் சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தலும் அவசியம். மாதவிடாய் நின்று முழுதாக ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி இரத்தம் கண்டாலும் தாமதமின்றி வைத்தியரிடம் செல்லல் வேண்டும். புற்றுநோய் என்று உறுதியாயின் அங்கே காலம் பார்ப்பதற்கு இடமில்லை. புற்றுநோய் இல்லை என்று தெளிந்த பின்னரே, அகற்றுவதா வேண்டாமா என்பது பெண்ணின் விருப்பத்துக்குரிய வினாவாகிறது.

அவ்வினாவுக்கு விடை காணுமுன், வேறு வழிகள் உளவா என்று நோக்குதல் தகும். இரத்தக் குறைவுக்கு இரும்புச்சத்து மாத்திரை உண்டு. பெருக்கைக் குறைக்கும் திரனெக்சாமிக் அமிலம் என்னும் மருந்தை யப்பான் நாட்டு ஆய்வாளர் உத்தாக்கோ ஒக்காமோத்தோ தம் கணவருடன் சேர்ந்து 1962ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். குடும்பக் கட்டுப்பாட்டுக்குரிய லூப்பைப் போன்றதொரு சிறு சாதனம், புரொஜெஸ்தரோனை ஒத்த மருந்தைக் கருப்பையினுள்ளேயே சிறிது சிறிதாக வெளியிட்டு, ஆண்டுக்கணக்கிற் பெருக்கை அடக்கவல்லது. உட்படலத்தை மாத்திரம் அழிக்கும் சிகிச்சையும், கட்டியை மாத்திரம் நீக்கும் சத்திரசிகிச்சையும், கட்டிக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தை அடைக்கும் முறையும் உள. மிகுந்த மாதவிடாய்ப் பெருக்கு ஒன்றையே காரணமாகக் கொண்டு கருப்பையை அகற்றுவதை முதற் சிகிச்சையாகக் கொள்ளலாகாது என்று இங்கிலாந்தின் வைத்திய வழிகாட்டி நிறுவனம் 2007ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது.

அதனால் சத்திரசிகிச்சை தீது என்று கொள்வது தவறு. மருந்துகள் பயன்படாதபோதும், கட்டி பெரிதாகிச் சிறுநீர்ப்பையை அழுத்தும்போதும், கருப்பை கீழிறங்கி நடமாட்டத்தையே தடுக்கும்போதும் அது பெரும் விடுதலையாக அமையலாம். அமெரிக்காவின் மேயின் மாநிலத்தில் இச்சிகிச்சை பெற்ற பெண்களைத் தொடர்ந்து அவதானித்து 1994ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு, அவர்களுட் பெரும்பாலோருக்கு வலியும் பெருக்கும் களைப்பும் நீங்கின என்று காட்டிற்று. ஒரு சிறு பகுதியினருக்கு உடற்சூடு, மனச்சோர்வு முதலியன புதிதாகத் தோன்றின என்பதையும் அது மறைக்கவில்லை. பெண்மை போய்விடும், இல்லறம் அற்றுவிடும் என்னும் அச்சத்துக்கு ஆதாரமில்லை. அவ்வச்சத்தினாலே வேண்டிய சிகிச்சையை மறுத்து ஆண்டுக்கணக்கில் இரத்தமிழந்து வாடுவோரும் உளர். ஆயினும் இது பெருஞ் சத்திரசிகிச்சை. இரத்தப் போக்கு, தொற்று, சிறுநீர்ப்பைக்குச் சேதம் ஆகிய அபாயங்கள் சிறிதளவேனும் உண்டு. வயிற்றைத் திறந்து செய்தால் ஏறத்தாழ ஆறு கிழமை ஓய்வு வேண்டும்.

பலர் கேட்க மறக்கும் வினா ஒன்றுண்டு. கருப்பையோடு சூலகங்களையும் எடுப்பதா என்பதே அது. பின்னாளிற் சூலகத்திற் புற்றுநோய் வராமலிருக்க, கையோடு அவற்றையும் எடுத்துவிடும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. அமெரிக்கத் தாதியர் பெருந்தொகையினரைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2009ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கருப்பையை அகற்றிய 29,380 பெண்களை ஒப்பிட்டபோது, சூலகங்களை இழந்தோரிடையே சூலகப் புற்றுநோயும் மார்பகப் புற்றுநோயும் குறைந்திருந்தன; ஆனால் இருதய நோயால் இறந்தோரும், மொத்தத்தில் இறந்தோரும் மிகுந்திருந்தனர். ஆகவே, குடும்பத்திற் புற்றுநோய் வரலாறு முதலிய தனிக்காரணங்கள் இல்லாதவிடத்து, நலமாயுள்ள சூலகத்தை எடுப்பதற்குமுன் இருமுறை சிந்தித்தல் நன்று.

இத்தகைய செய்திகளைப் பெண்கள் அறிவதனால் விளையும் பயன் யாது? சுவிற்சலாந்தின் திசினோ மாநிலம் அதற்குச் சான்று. அங்கே இச்சத்திரசிகிச்சை அளவுக்கு மிஞ்சி நடைபெறுவதை உணர்ந்தோர், 1984ஆம் ஆண்டில் பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி வாயிலாக மக்களுக்கு உண்மைகளை எடுத்துரைத்தனர். தடையோ சட்டமோ இடப்படவில்லை. அதன்பின் அறுவைகளின் வீதம் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு வீழ்ந்தது. அச்செய்திகள் பரப்பப்படாத பேர்ண் மாநிலத்தில் அவ்வீழ்ச்சி காணப்படவில்லை.

இதற்கு மாறான துயரக் காட்சியை இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்துப் பீட் மாவட்டத்திற் காணலாம். அங்கே கரும்பு வெட்டும் பெண்கள் ஒருநாள் வேலை தவறினாலும் கூலியை இழப்பர். 2019ஆம் ஆண்டில் நிகழ்ந்த அரசாங்க விசாரணையில், அத்தொழிலாளருட் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கருப்பையை இழந்தவர்கள் என்று தெரியவந்தது. மாதவிடாய் நிற்க நெடுங்காலம் இருந்த இளவயதினரும் அவர்களுள் இருந்தனர். பசியும் அறியாமையும் வற்புறுத்த இசைந்த இசைவைத் தீர்மானம் என்று சொல்லல் எங்ஙனம் பொருந்தும்?

ஆகவே இத்தீர்மானத்தை எதிர்நோக்கும் பெண், வைத்தியரிடம் தயங்காது வினவ வேண்டியவை சில உள. பெருக்குக்குக் காரணம் யாது? புற்றுநோய் இல்லையென்பது உறுதியாயிற்றா? இன்னும் ஓரிரு ஆண்டு மருந்துடன் பொறுத்திருந்தால் நேர்வது என்ன? எந்தெந்த உறுப்பு அகற்றப்படும்? கருப்பைக் கழுத்து எஞ்சுமாயின் அதற்குரிய பரிசோதனை தொடரவேண்டுமா? இவற்றை ஒரு தாளில் எழுதிச் செல்வதும், கணவரையோ வளர்ந்த மகளையோ துணைக்கு அழைத்துச் செல்வதும் பயன்தரும். நல்ல வைத்தியர் எவரும் வினாக்களை வெறுப்பதில்லை; இன்னொரு வைத்தியரின் கருத்தைக் கேட்பதையும் அவமதிப்பாகக் கருதுவதில்லை.

இலங்கையில் 1996ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் நடாத்திவரும் சுகவனிதையர் கிளினிக்குகளில், முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்கள் கட்டணமின்றிக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையும் ஆலோசனையும் பெறலாம். பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நாளும் இடமும் அறியலாம். பிள்ளைகளின் காய்ச்சலுக்கும் கணவரின் நோய்க்கும் ஆஸ்பத்திரிப் படியேறத் தயங்காத இல்லத்தரசி, தன் உடலுக்காக அங்கே ஒருநாள் செல்லக் கூச்சப்படல் ஆகாது. அகற்றுவதென்று முடிவு செய்யினும், வேண்டாமென்று முடிவு செய்யினும், அம்முடிவு அறிந்து செய்த முடிவாகவும் அவளே செய்த முடிவாகவும் இருத்தல் வேண்டும்.