மூட்டுவலிப் பொடியும் என் மாமியாரும்



நான் மேடை ஏறிப் பேசுறது இதுதான் முதல் தடவை. பத்தாவதுதான் படிச்சிருக்கேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வந்திருக்கிறேன்.

என் மாமியாருக்குப் பல வருஷமாக மூட்டுவலி. சந்தையில் ஒருத்தர் பொடி பொட்டலம் கட்டி விற்றார். "எல்லாம் மூலிகைதான், பக்கவிளைவே கிடையாது" என்றார். நான்தான் வாங்கிக் கொடுத்தேன். வலி குறைஞ்ச மாதிரி இருந்ததால் எங்கள் குழுவிலும் சொன்னேன். என் பேச்சை நம்பி ரெண்டு பேர் வாங்கினாங்க.

நாலே மாசத்தில் அத்தைக்கு வயிற்றை முறுக்கி முறுக்கி வலி. மலச்சிக்கல். சோறு இறங்கலை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, "வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். அதுவரை அந்தப் பொடியைப் பற்றி யாரிடமும் நாங்கள் சொல்லவே இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தால் அதில் ஈயம். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே, எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்தணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அத்தைக்கு 58 இருந்தது.

டாக்டரம்மா விளக்கிச் சொன்னார். ஈயத்தால் உடம்புக்கு ஒரு உபயோகமும் கிடையாது. ரத்தம் ஊறுவதைத் தடுக்கும், நரம்பைக் கெடுக்கும், எலும்பில் போய் வருஷக்கணக்கில் தங்கும். கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் அது எலும்பிலிருந்து ரத்தத்துக்கு வந்து பிள்ளைக்கும் போகும். பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளாவில் மலப்புரம் மாவட்டத்தில் பாதரசம் கலந்த சிவப்பழகு கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்ததை 2023-இல் டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள்.

இதைக் கேட்டதும் எனக்குக் கை கால் ஓடலை. என் பேச்சைக் கேட்டு வாங்கின ரெண்டு வீட்டுக்கும் அன்னைக்கே போனேன். ஒரு வீட்டில் மருமகள் மூணு மாசம் முழுகாமல் இருந்தாள். இடுப்புவலிக்கு அவளும் அந்தப் பொடியைச் சாப்பிட்டிருந்தாள். ரிசல்ட் வரும்வரை நான் தூங்கவில்லை. நல்லவேளை, அவளுக்கு அளவு கொஞ்சமாகத்தான் இருந்தது. இப்போது பிள்ளை பிறந்து நல்லா இருக்கு. அத்தையும் ஈயத்தை வெளியேற்றும் மருந்து சாப்பிட்டுத் தேறி வர்றாங்க.

சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரம் எல்லாம் அதில் உண்டு. அவை படித்துப் பதிவு பெற்ற சித்த டாக்டர் அளவு பார்த்துக் கொடுக்க வேண்டியவை. சந்தையில் பொட்டலமாக வாங்குகிற சாமான் இல்லை. பல அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சித்தா பிரிவே இருக்கு.

உங்களிடம் நான் கேட்பது மூணுதான். லேபிளும் உரிம எண்ணும் இல்லாத மருந்தை வாங்காதீங்க. டாக்டரிடம் போனால் வீட்டில் சாப்பிடும் பொடி, லேகியம் எல்லாத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். கடனுக்கு ஜாமீன் போடும்போது எவ்வளவு யோசிக்கிறோம்! அடுத்தவருக்கு மருந்து சொல்லும்போதும் அவ்வளவு யோசிங்க. நான் யோசிக்கவில்லை. அதனால்தான் வெட்கத்தை விட்டு இன்றைக்கு இங்கே பேசினேன்.