இரண்டடி உயர வாசல்

 பட்டம் பெறவிருக்கும் பொறியியல் மாணவர்கள் நிறைந்த இந்த அரங்கில் முதலில் சொல்ல வேண்டிய பெயர், பொறியியல் படித்த இன்னோர் இளைஞருடையது.

தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி. அவ்வூர் எஸ். ராமகிருஷ்ணன் கோவையில் படித்துக்கொண்டிருந்தபோது, 1975-இல் கடற்படை அதிகாரி தேர்வுக்குப் பெங்களூரு போனார். உடல்திறன் சோதனையில் உயரத்திலிருந்து விழுந்தார். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. ஊர் திரும்பியவர் 1981-இல் ஓர் ஓலைக்கொட்டகையில் ஐந்து குழந்தைகளோடு பள்ளி தொடங்கினார். தமக்குச் சிகிச்சையளித்த இராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் நினைவாக ‘அமர் சேவா சங்கம்’ என்று பெயர் வைத்தார். தசைச்சிதைவு நோயோடு வாழும் பட்டயக் கணக்காளர் சங்கரராமன் பின்னர் வந்து தோள்கொடுத்தார். 2020-இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ. விருது இருக்கட்டும், சொந்தக் கிராமத்திலேயே தொடங்கினாரே, அதுதான் பெரிய விஷயம்.

2011 கணக்கெடுப்பில் நாட்டின் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். நூற்றுக்கு 69 பேர் கிராமவாசிகள். வேலையில் இருப்பவர்கள் நூற்றுக்கு 36 பேர்தான். பேருந்துப் படி ஏற முடியாதவருக்கு நகரத்தில் நடக்கும் இலவசத் தொழிற்பயிற்சியும் எட்டாத தூரமே.

எட்டினாலும் சிக்கல் தீர்வதில்லை. பார்வையற்றவரா, நாற்காலி பின்னல். கால் இயலாதவரா, தையல் என்று ஊனத்தைப் பார்த்துத் தொழிலை ஒதுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஊரில் எது விலைபோகும் என்று கேட்க ஆளில்லை. தையலையே எடுத்துக்கொள்வோம். மிதிக்கக் கால் வராதவர்களுக்கு மோட்டார் பொருத்திய மெஷினை அரசே தருகிறது, நல்ல திட்டம். ஆனால் தீபாவளிக்கு முன் குவியும் துணியை மின்வெட்டுக்கு நடுவே எப்படி முடிப்பது? முகூர்த்தமில்லாத ஆடியில் பள்ளிச் சீருடை ஆர்டருக்கு யாரைப் பார்ப்பது? அளவு ஜாக்கெட்டோடு பெண்கள் தேடிவரக் கடைத்தெருவில் ஓர் இடம் வேண்டாமா?

கடை என்றதும் இந்த அரங்கின் வேலை வந்துவிடுகிறது. மழைத்தண்ணீர் ஏறாதிருக்கக் கடையை இரண்டடி உயர்த்திக் கட்டியிருப்பார்கள். ஓர் அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி சாய்தளம் என்பது சிவில் மாணவர்களுக்குத் தெரிந்த கணக்கு. இரண்டடிக்கு இருபத்துநான்கு. பல ஊர்களில் தெருவே அவ்வளவு அகலமிருக்காது! சுவரோரமாகத் திருப்பிக் கட்டலாம். வடிகாலைச் சரிசெய்து, புதிதாக எழும் கடையின் தளத்தையே தாழ்த்தலாம். எதற்குச் செலவு குறைவு என்று கணக்குப் போட்டுக் கொடுக்க ஆள் கேட்டால், இந்த அரங்கில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள்.